திருவிழா லைனும் செவ்வாய்க்கிழமை லைனும்

போன மாதம் நவீன் அழைத்தான். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கைப்பேசி நிறுவனத்தின் ஈப்போ கிளையில் என் பழைய நாற்காலி இப்போது அவனுக்கு.

"அக்கா, ஒரு உதவி. புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்கு ஒரு பேச்சு வெச்சிருக்கோம். தலைப்பு வந்து, அடுத்த தலைமுறை வலைப்பின்னலோட வர்த்தக எதிர்காலம். நீங்க வந்து கொஞ்ச நேரம் பேசணும்."

"எதிர்காலத்தப் பத்திப் பேச ரிட்டையர் ஆனவதான் கெடைச்சாளா?"

"எதிர்காலம் பேச ஆளு நெறைய இருக்காங்க லா அக்கா. எல்லாரும் ஒரே ஸ்லைட்ட காட்டுறாங்க. நீங்க அந்தத் தீமிதி கதைய சொன்னா போதும்."

இரண்டு முழங்காலையும் அறுத்துத் தைத்த பிறகு மாடிப்படிக்கும் எனக்கும் ஆகாது. அந்த அலுவலகத்து மின்தூக்கியை நம்பி நான் போக மாட்டேன் என்பது நவீனுக்கும் தெரியும். எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளட்டும் என்றேன். எழுத உட்கார்ந்தால் கை நிற்கவில்லை. நீளமாகிவிட்டது நவீன், பொறுத்துக்கொள்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் பலர் நான் கோபுரத்தில் ஏறி ஒயர் முடுக்குகிறவள் என்றே நினைத்திருந்தார்கள். கல்யாண வீடுகளில் "பிலோமினா, எங்க வீட்டுப் பக்கம் லைன் சரியில்ல, கொஞ்சம் பாத்து விடு" என்பார்கள், ஏதோ சிக்னலைக் குழாயில் திறந்துவிடச் சொல்வதுபோல. நான் செய்தது வேறு. ஓர் இடத்தில் கோபுரம் கட்டுவதற்கு முன்னால், அங்கே எத்தனை பேர் அதைப் பயன்படுத்துவார்கள், போட்ட முதல் திரும்புமா என்று கணித்துச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. எங்கே கட்டலாம் என்று சொன்னதைவிட எங்கே கட்டக் கூடாது என்று சொன்னதுதான் அதிகம். அதனால்தான் எனக்கு நண்பர்கள் குறைவு.

சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா மரத்தடியில் புல் வெட்டினார், நான் பள்ளியில் படிவம் ஐந்து முடித்து ஈப்போவுக்கு பஸ் ஏறினேன். பேஜர் காலத்தில் கவுண்டரில் பில் வசூலிக்கச் சேர்ந்து, மாலை வகுப்பில் கணக்கியல் படித்து, எப்படியோ திட்டப் பிரிவுக்குள் நுழைந்துவிட்டேன். என் தொழில் படிப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் மேலதிகாரி தனபாலனிடம் வாங்கிய திட்டில் வந்தது.

தனபாலன் தாப்பா ஊர்க்காரர். யாரையும் 'நீ' என்று சொல்ல மாட்டார். தேநீர் கொண்டுவரும் பையனுக்கும் 'நீங்க'தான். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "சொல்லுங்கம்மா, உங்க கருத்த தாராளமா சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு யாரோ தொலைந்தார்கள் என்று பொருள். மேசை மேல் ஒரு பிஸ்கட் டின்னில் புந்தோங் கச்சாங் பூத்தே எப்போதும் இருக்கும். வறுத்த கடலை, முறுக்குத் துண்டு, காரப் பட்டாணி எல்லாம் கலந்தது. நாம் பேசப் பேச கொறித்துக்கொண்டே கேட்பார். வாய் அசைகிறவரை பயமில்லை. மெல்லுவதை நிறுத்தினால், சொன்னதில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது.

எந்தத் திட்டத்தைக் கொண்டுபோனாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி. வரைபடம், வளர்ச்சி விகிதம், நிறம் நிறமாகப் போட்ட அட்டவணை எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சரிங்க. செவ்வாக்கெழம மத்தியானம் அங்க யாரு இருப்பா? ஒரு பேரு சொல்லுங்க" என்பார். திங்கள் என்றால் ஜனங்கள் வார இறுதியிலிருந்து இன்னும் திரும்பியிருக்க மாட்டார்கள். வெள்ளி என்றால் தொழுகை, அதற்குப் பிறகு ஊருக்குக் கிளம்பும் கூட்டம். செவ்வாய்தான் பொய் சொல்லாத நாள் என்பது அவர் சித்தாந்தம். பேர் சொல்லத் தெரியாவிட்டால் கோப்பு திரும்பி வரும். புதிதாகச் சேர்ந்த ஒருத்தன் "ரமேஷ், பாஸ்" என்று வாய்க்கு வந்த பேரைச் சொல்லிவிட்டு, "அப்படிங்களா, அவருக்கு ஒரு போன் போடுங்க, பேசுவோம்" என்று கேட்டு மாட்டிக்கொண்டு விழித்ததை இன்றும் சொல்லிச் சிரிப்போம்.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், எங்கள் தொழிலில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு படம் உண்டு. 3ஜி வந்தபோது எல்லாரும் முகம் பார்த்துப் பேசுவார்கள் என்று படம் காட்டினார்கள். யாரும் பேசவில்லை, காசு போனதுதான் மிச்சம். அதே ஜனங்கள் பிறகு இலவசமாகக் கிடைத்ததும் நாள் முழுக்கப் பேசினார்கள், அந்தக் காசு எங்களுக்கு வரவில்லை. 5ஜி வந்தபோது எல்லா ஸ்லைடிலும் ஒரு டாக்டர். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு இன்னோர் ஊரில் இருப்பவருக்கு அறுவை சிகிச்சை செய்வார். நான் நாலைந்து கூட்டங்களில் அந்த டாக்டரைப் பார்த்தேன், ஒரே ஆள்தான். தனபாலன் ஒரு தடவை கேட்டே விட்டார், "இவரு நம்ம கஸ்டமருங்களா?"

உண்மை என்னவென்றால், வேகத்துக்காக யாரும் கூடுதலாகக் கொடுக்க மாட்டார்கள். வேகம் குறைந்தால் மட்டும் கவுண்டரில் வந்து கத்துவார்கள். முதல் போடுவது நாங்கள், படம் பார்ப்பது அவர்கள், சம்பாதிப்பது படம் காட்டுகிறவன். ஆகவே 5ஜியில் வியாபாரம் இருக்கிறது என்றால் அது கைப்பேசித் திரையில் இல்லை. கம்பி போகாத வீடுகளில், ஆலைகளில், பண்ணைகளில், கப்பல் துறையில் இருக்கிறது. இதையும் அன்றைக்கு எல்லாரும் ஸ்லைடில் எழுதினோம். ஆனால் அந்த வீடு எது, அந்தப் பண்ணை எது என்று பேர் சொல்ல யாராலும் முடியவில்லை.

இனி ஆத்தோரத் தோட்டத்துக்கு வருகிறேன்.

அதற்குத் தாளில் ஒரு ஆங்கிலப் பேர் உண்டு, யாரும் அதைச் சொல்வதில்லை. ஒரு காலத்தில் முழுக்கப் பால்மரம், இப்போது முழுக்கச் செம்பனை, எண்ணெய்ப் பனை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயன் வீடுகளில் பாதி காலி. மற்றவர்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டார்கள். தங்கியவர்களில் ஒருத்தி சரோஜா, என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவள். புருஷன் இறந்த பிறகு சேலை வியாபாரம் ஆரம்பித்தாள். கடை கிடையாது. கைப்பேசியில் நேரலை போட்டு விற்பாள். ஆனால் லயனில் லைன் இல்லையே. அதனால் சேலை மூட்டையைப் பழைய காரில் ஏற்றி, பெரிய சாலை முச்சந்தியில் இருக்கும் கோபுரத்துக்கு அடியில் நிறுத்தி, பின் கதவைத் தூக்கிவிட்டு அங்கேதான் வியாபாரம். மழை வந்தால் கடை மூடல். வெயிலில் பட்டுச் சேலையை விரித்தால் பாதி நேரம் அவள் முகம் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும்.

அந்த வருஷம் எனக்கு முதல் முழங்கால் அறுவை சிகிச்சை. நீண்ட விடுப்பு. நான் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தபோது, தலைமையகம் பேராக் மாநிலம் முழுக்க அடுத்த கட்ட 5ஜி எங்கே போடலாம் என்று ஒரு மென்பொருளை விட்டுக் கணித்தது. எந்த இடத்தில் எத்தனை கைப்பேசிகள் இணையத்துக்கு முயன்றன, எத்தனை தோற்றன என்று கணக்கெடுத்து, அதிகம் தவித்த இடத்தை வரைபடத்தில் சிவப்பாகக் காட்டும். நல்ல மென்பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். நான் வேலைக்குத் திரும்பியபோது பட்டியல் என் கையொப்பத்துக்காகக் காத்திருந்தது. ஈப்போவுக்குள்ளே ஜனம் நெருங்கிய புந்தோங்கூடக் கீழே கிடந்தது. முதலிடத்தில் ஆத்தோரத் தோட்டம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சரோஜாவுக்கு அதைவிட. தலைமையகத்து ஆட்கள் ஏற்கெனவே வந்து தோட்டத்துக் கோயில் திடலை அளந்து, கோயில் கமிட்டியோடு நின்று படமும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சரோஜா என் வீட்டுக்கு மாம்பழத்தோடு வந்தாள்.

"மீன் ஃபேக்டரில சூப்பர்வைசர் வேல குடுத்தாங்க பிலோ. ஹாஸ்டல்ல தங்கணும். வேணாம்னு சொல்லிட்டேன். லைன் வந்தா நான் ஏன் லா மீன் கழுவணும்? வீட்டுல உக்காந்தே விப்பேன்."

வேலையைத் தள்ளிவிட்டாள். அந்தக் கோபுரம் வராவிட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை என்று நான் அப்போதே புரிந்துகொண்டேன்.

அவள் போன பிறகுதான் பட்டியலை நிதானமாகப் பார்த்தேன். மாதிரிக்கு எடுத்த வாரம் எது என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தது. பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். அது தீமிதி வாரம்.

கோலாலம்பூர்த் தலைமையகத்துக்காரர்கள் கவனமாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் தவிர்த்திருந்தார்கள். ஆனால் ஆத்தோரத் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி எந்த நாட்காட்டியிலும் இல்லை. அந்தத் தோட்டத்திலிருந்து வெளியேறிய அத்தனை குடும்பமும் வருஷத்தில் ஒரு நாள் திரும்பி வரும் நாள் அது. ஜொகூர் எண், சிலாங்கூர் எண், சிங்கப்பூர் எண்கூடப் போட்ட கார்கள் செம்பனைக்குள்ளே வரிசையாக நிற்கும். ஆளாளுக்குக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, மாமா தீ மிதிப்பதை நேரலையில் காட்டப் பார்ப்பார்கள். முச்சந்திக் கோபுரத்திலிருந்து ஒரே ஒரு கோடு லைன்தான் திடலுக்கு எட்டும், ஒருத்தருக்கும் போகாது. திரும்பத் திரும்ப முயல்வார்கள். மென்பொருள் அத்தனை தவிப்பையும் ஒன்றுவிடாமல் எண்ணி வைத்துவிட்டது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அங்கேதான் இருந்தேன். நான் தேவாலயத்துக்குப் போகிறவள், ஆனால் அந்த அன்னதானத்துச் சாம்பாருக்கு மதம் கிடையாது. ஊன்றுகோலோடு போய், பினாங்கிலிருக்கும் மகளுக்கு ஒரு படம் அனுப்ப முடியாமல் நானும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்புப் புள்ளியில் என் போனும் சேர்த்தி.

அடுத்த நாள் முச்சந்திக்குப் போய் சரோஜாவிடம் சொன்னேன். சேலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"சரி, இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நீ சொல்லாட்டி?"

"சரோஜா..."

"இல்ல, கேக்குறேன். நீ சொல்லாட்டி கட்டுவாங்களா, கட்ட மாட்டாங்களா? கட்டி முடிச்சப்புறம் புடுங்கிட்டா போவப் போறாங்க? ஒன் வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதா பிலோ?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. எத்தனையோ கோபுரங்கள் இதைவிட மட்டமான காரணத்துக்குக் கட்டப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கையொப்பம் போட்டால் முடிந்தது. என் சிநேகிதி பிழைத்துக்கொள்வாள். எனக்கு உண்மையிலேயே ஆசையாக இருந்தது.

ஆனால் அந்த வேலையில் நான் பல வருஷம் இருந்துவிட்டேனே. கட்டிய பிறகு என்ன நடக்கும் என்று தெரியும். ஒரு நாள் கூட்டத்துக்காகப் பெரிய கோபுரம் போடுவார்கள். மறுநாளிலிருந்து பயன்பாட்டுக் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிடும். அடுத்த வருஷம் ஏதாவது கூட்டத்தில் அந்தக் கோட்டைக் காட்டி, "தோட்டங்களில் போட்டுப் பார்த்தோம், ஆள் இல்லை" என்பார்கள். அதோடு பேராக்கில் மிச்சம் இருக்கும் அத்தனை தோட்டத்துக்கும் கதவு சாத்தப்படும். இதைச் சொன்னால் சரோஜா கேட்கும் மனநிலையில் இல்லை. "போ லா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சேலையை எடுத்தாள்.

தனபாலனிடம் போனேன். கச்சாங் பூத்தே கொறித்துக்கொண்டிருந்தார். தீமிதி என்று சொன்னதும் வாய் நின்றது.

"நீங்க அங்க இருந்தீங்களாம்மா?"

"இருந்தேன் பாஸ். சாப்பிட்டேன்."

"கூட்டம் எவ்ளோ?"

"ஜொகூரே வந்திருச்சு பாஸ்."

பட்டியலை எடுத்துப் பார்த்தார். முதலிடத்தில் ஒரு தோட்டம் வந்ததில் தலைமையகத்துக்கு ஏகப்பட்ட குஷி, விளம்பரத்துக்குக்கூட யோசித்திருந்தார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

"அப்ப செவ்வாக்கெழம அங்க யாரு இருப்பா?"

சரோஜா என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை அவள் அங்கே இருக்க மாட்டாள், முச்சந்தியில் இருப்பாள். தெரியாது என்றேன்.

"தெரியாதுன்னா போய்ப் பாத்துருவோங்க" என்றார்.

போனோம். செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவரே காரை ஓட்டினார். கோயில் திடலில் ஒரு நாய் படுத்திருந்தது, இரண்டு மாடு மேய்ந்தது. லயனில் வாசலில் துணி காயப் போட்டிருந்த ஒரு பெண்மணி, "எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க லா" என்றார். தனபாலன் திடலில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். இன்னொன்றையும் கவனித்தார். கோபுரம் வரப்போவதாக அளந்த இடத்துக்கும் லயனுக்கும் நடுவில் செம்பனை சுவர் எழுப்பியதுபோல் அடர்ந்து நின்றது.

"இங்க போடப் போறது வேகமாப் போற அலைவரிசைங்க. தூரம் போகாது. இந்த மரத்தத் தாண்டி அந்த வீட்டுக்குப் போகுமா?"

போகாது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வாயை மூடிக்கொண்டு கையொப்பம் போட்டிருந்தாலும், திடலுக்குத்தான் லைன் வந்திருக்கும். சரோஜா வீட்டுக்கு வந்திருக்காது. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. இனி எந்த வழியிலும் அவளுக்கு ஒன்றும் இல்லையே.

"பட்டியல்லேர்ந்து எடுத்துருவோங்க" என்றார் தனபாலன். காரில் ஏறினோம்.

முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை இருந்தது. பசிக்கிறது என்று நிறுத்தினார். கோபுரத்தடியில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசையாக நின்றன. அந்த வரிசையில் சரோஜா நேரலையில் இருந்தாள்.

"வாங்க வாங்க, ரவாங் அக்கா வணக்கம்! இந்த மயில் கழுத்துக் கலரப் பாருங்க. பார்டர் தங்கம் மாதிரி மின்னுதா இல்லையா? அண்ணே! ஆமா, உங்களத்தான். இந்த முந்தானைய கொஞ்சம் புடிங்கண்ணே. உயரமா. இன்னும் உயரமா!"

எங்கள் வட்டாரத்துக்கே பொறுப்பான தனபாலன், கழுத்தில் அலுவலக அட்டையோடு, முந்தானையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் காருக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன். திரையில் யாரோ "அண்ணன் ஸ்டாக்கில் இருக்கா?" என்று எழுதியிருக்கிறார்கள். சரோஜா சத்தமாக வாசித்துவிட்டு, "அண்ணே ஒரு பீஸ்தான் லா, சேலை நெறைய இருக்கு" என்றாள். அந்தச் சேலை போய்விட்டது. இன்னும் மூன்று பேர் அதே நிறம் கேட்டார்கள்.

நேரலை முடிந்ததும் என்னைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "ஓ, இவருதான் ஒன் பாஸா" என்றாள், அவ்வளவுதான்.

தனபாலன் முந்தானையை மடித்துக் கொடுத்துவிட்டு, வரிசையில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போனார். நான் பின்னால் நொண்டிக்கொண்டு போனேன். ஒரு வேனில் கோழிப் பண்ணை முதலாளி, தவுக்கே. உள்ளே தோட்டத்துக்கு அந்தப் பக்கம் அவர் பண்ணை, மூடிய கொட்டகை, விசிறி நின்றால் ஒரு மணி நேரத்தில் கோழியெல்லாம் போய்விடும். விசிறி நின்றால் கைப்பேசிக்குச் சொல்லும் கருவி வாங்கி வைத்திருக்கிறார், லைன் இல்லாததால் அது பெட்டியிலேயே தூங்குகிறது என்று மலாயில் புலம்பினார். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் செம்பனை ஆலையின் எடை மேடைப் பையன். அன்றன்றைய எடையை அனுப்ப நாளுக்கு இரண்டு தடவை இங்கே வருகிறானாம். மாணவி ஒருத்தி அப்பாவின் லோரியில் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரிடமும் தனபாலன் ஒரே கேள்விதான் கேட்டார். "நீங்க எங்க இருக்கீங்க?" எல்லாரும் ஒரே பக்கம் கையைக் காட்டினார்கள், நாங்கள் வந்த பக்கம்.

கடையில் உட்கார்ந்து இரண்டு தே தாரேக் தேநீர் சொன்னார்.

"இவங்கல்லாம் பட்டியல்ல எங்கம்மா இருக்காங்க?"

"இந்த முச்சந்தியில பாஸ். முச்சந்தியிலதான் கூட்டம், கோபுரத்தப் பெரிசாக்கணும்னு போட்டிருக்கு."

"வீட்ல லைன் இல்லன்னு வண்டியேறி வந்து வாங்கிட்டுப் போறாங்க. நாம அது முச்சந்திக் கணக்குன்னு நெனச்சிட்டோம்" என்றார். பிறகு பையிலிருந்து கச்சாங் பூத்தே பொட்டலத்தை எடுத்துப் பிரித்து என் பக்கமும் தள்ளினார். அவரோடு வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் எனக்குக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்து திட்டத்தைக் கலைத்து எழுதினோம். கோயில் திடல் வேண்டாம். ஆலைக்குப் பக்கத்து மேட்டில் சிறிய கோபுரம். வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும், மரத்துக்குள்ளும் நுழையும் அலைவரிசை. வாடிக்கையாளர் யார் என்ற இடத்தில் ஆலை, மூன்று பண்ணைகள், கம்பியில்லா வீட்டு இணையம் கேட்ட லயன் வீடுகள் என்று நிஜமான பேர்களை எழுதினோம். தலைமையகத்தில் சுஹைலா என்று ஒரு பெண் அந்த மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று பயந்தேன். தீமிதிக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு அவள் செய்ததுதான் பெரிய காரியம். சாலையோரம் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கும் கைப்பேசிகளைத் தனியாகப் பிரித்தெடுக்கச் சொல்லி மென்பொருளுக்குக் கற்றுக்கொடுத்தாள். பேராக் வரைபடத்தில் அப்படி எத்தனையோ முச்சந்திகள் எழுந்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தோட்டமோ கம்பத்துக் கிராமமோ இருந்தது. நவீன், 5ஜிக்கு வியாபாரம் எங்கே என்று உன் பிள்ளைகள் கேட்டால் அதைக் காட்டு. காசு கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் காரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த தலைமுறைக்கு என்ன எண் போட்டாலும் முதலில் அவர்களைத் தேடிப் போங்கள்.

ஆனால் நல்ல திட்டம் என்பதற்காக எதுவும் சீக்கிரம் நடந்துவிடாது. முதலிடம் போனதும் தலைமையகத்துக்குச் சுவாரசியம் போய்விட்டது. மேட்டு நிலத்துக்கு ஆலைக்காரர்கள் இழுத்தடித்தார்கள். மின்சாரம் இழுக்க ஒரு தகராறு. மழைக்காலம் வந்துவிட்டது. முச்சந்தியில் காரைத் திறக்க முடியாமல் சரோஜாவின் வியாபாரம் படுத்தது. மீன் தொழிற்சாலைக்குத் திரும்பப் போய்க் கேட்டாளாம், இடம் நிரம்பிவிட்டதாம். இதை வேறு ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் அழைப்பை அவள் எடுக்கவில்லை. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மாதங்களில் மழை பெய்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் காலை என் கைப்பேசியில் காணொளி அழைப்பு. சரோஜா. எடுத்தால் அவள் முகம் இல்லை. கட்டில் நிறையச் சேலை, கதவில் சேலை, சன்னல் கம்பியில் சேலை. போன் மெதுவாக வீட்டைச் சுற்றி வந்தது. கடைசியில் சமையலறைக்குப் போய் அடுப்பில் கொதிக்கும் குழம்பைக் காட்டியது.

"தெரியுதா?" என்றாள்.

"தெரியுது."

"அறுந்து அறுந்து வருதா?"

"இல்ல லா. பளிச்சுன்னு வருது."

"ம்" என்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. குழம்பு பொங்குகிறது என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு தனபாலன் ஓய்வு பெற்றார், நானும் பெற்றேன். இந்த வருஷத் தீமிதிக்கு இரண்டு புது முழங்காலோடு போயிருந்தேன். வழக்கம்போல கார்கள், வழக்கம்போல எல்லாருக்கும் கை மேலே. சிறிய கோபுரம்தானே, அத்தனை பேரையும் அதனால் தூக்க முடியவில்லை. பூக்குழி இறங்க ஆரம்பித்ததும் லைன் படுத்துவிட்டது.

அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையன், ஜொகூரிலிருந்து வந்தவன், போனை உதறிக்கொண்டிருந்தான்.

"என்னா லைன் இது? 5ஜின்னு காட்டுது, ஒண்ணும் போவ மாட்டேங்குது. எந்த முட்டாப்பய லா இதுக்கு ப்ளான் போட்டது?"

"நான்தான் தம்பி" என்றேன்.

திரும்பிப் பார்த்தான். சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்த சரோஜா நிமிர்ந்தாள். நான் ஏதாவது விளக்கம் சொல்வதற்குள் அவன் இலையில் ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள்.

"ஒரு நாளுதானே தம்பி, பொறுத்துக்க" என்றாள். "நாளைக்கு நீ போயிருவ. நாங்க இங்கதான் இருப்போம். எங்களுக்குப் போட்டது லா இது."